மண் பெற்ற மழை

கோவில்பட்டியைச் சூழ்ந்து கிடக்கும் நிலம் கரிசல் நிலம். எட்டயபுரம், விளாத்திகுளம், ஓட்டப்பிடாரம், கயத்தாறு என எப்பக்கம் நோக்கினும் கருமண் வெளியே கண்ணுக்குப் புலப்படும். வற்றாத ஆறு எதுவும் இவ்வெளியின் ஊடே ஓடவில்லை. கண்மாய்களும் ஊருணிகளும் உள. அவையும் வானத்தையே நம்பியிருப்பன. ஆண்டு முழுவதும் பெய்யும் மழையைக் கூட்டிப் பார்த்தால் 700 மில்லிமீட்டரைச் சிறிது கடக்கும். அதிலும் பாதிக்கு மேற்பட்டது வடகிழக்குப் பருவக்காற்றோடு சில வாரங்களுக்குள் வந்து போவது. இத்தகைய நிலத்தில், 'நேற்று எவ்வளவு மழை பெய்தது?' என்னும் வினா பொழுதுபோக்குக்குக் கேட்கப்படும் வினா அன்று.

மழை தொடங்கிய பின் கரிசல் மண் குழைந்து சேறாகிவிடும். அதன்பின் கலப்பையோ டிராக்டரோ அதில் இறங்குதல் அரிது. ஆதலால் புரட்டாசி பிறக்கும் காலத்திலேயே காய்ந்த மண்ணில் விதையை ஊன்றிவிட்டு மழைக்குக் காத்திருத்தல் இப்பகுதி உழவர் கண்ட வழி. 1901-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையத்தாரும் இம்முன்பருவ விதைப்பையே ஆய்ந்து பரிந்துரைத்துள்ளனர். விதையை ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் ஆழத்தில் இட வேண்டும் என்பது அவர்கள் அறிவுரை. அவ்வாழத்தில் கிடக்கும் சோளமும் உளுந்தும் முளைத்து நிலைப்பதற்கு 20 மில்லிமீட்டர் அளவேனும் மழை வேண்டும். 8 மில்லிமீட்டரோடு வானம் வெளுத்துவிட்டால் மேல்மண் மட்டும் நனையும். ஆழம் குறைந்து விழுந்த விதை முளைவிடும். நான்கு நாள் வெயிலில் அம்முளை கருகும். மறுவிதைப்புக்கு விதையும் கூலியும் எங்கிருந்து வரும்? எட்டுக்கும் இருபதுக்கும் உள்ள வேறுபாடு நகரத்தில் வாழ்வார்க்குக் குடை எடுத்துச் செல்லலாமா என்று எண்ணும் அளவினதே. கரிசற் குடியானவனுக்கோ அஃது ஓராண்டுப் பிழைப்பு.

இவ்வேறுபாட்டை அறிவிக்க இன்று இருவகைக் கருவிகள் உள்ளன. ஒன்று மழைமானி, மற்றொன்று வானிலை ரேடார். ரேடார் என்பது ஆங்கிலத் தொடர் ஒன்றன் முதலெழுத்துகளைக் கூட்டி ஆக்கிய பெயர். அதற்குத் தமிழில் பெயர் காண முயன்றோர் உண்டு. ஊர்மக்கள் ரேடார் என்றே வழங்குதலால் ஈண்டும் அச்சொல்லே கொள்ளப்படுகிறது. கைப்பேசியைத் திறந்தால் பச்சையும் மஞ்சளும் சிவப்புமாக ரேடார் காட்டும் மழைப்படம் கண்முன் விரிகிறது. அப்படத்தைக் கண்டு பழகியோர் சிலர், 'இனி மழைமானி எதற்கு? அது பாட்டன் காலத்துக் கருவி அன்றோ!' என்கின்றனர். இக்கருத்து ஆராயத்தக்கது.

மழைமானி பாட்டன் காலத்தது என்பது உண்மையே. பாட்டனுக்குப் பாட்டன் காலத்தது என்றாலும் தகும். அரசனது பண்டசாலையின் முன்னே ஒரு முழ அளவு வாயுடைய கலத்தை மழையளக்க வைக்க வேண்டும் என்று கௌடலீயரின் பொருள்நூல் விதிக்கிறது. கொரிய நாட்டில் 1441-ஆம் ஆண்டளவில் ஒரே அளவினவாகச் செய்த மழைக்கலங்களை ஊர்தோறும் அனுப்பி, அளவை அரசுக்கு எழுதியனுப்பச் செய்தனர். இரண்டிடத்தும் நோக்கம் ஒன்றே. விளைச்சலை முன்னறிதலும் வரியை அறுதியிடுதலும் மழைக்கணக்கு இன்றி இயலா என்பதை அவ்வரசுகள் உணர்ந்திருந்தன.

கருவியின் அமைப்பும் எளிது. இந்திய வானிலைத் துறையினர் வழங்கும் மழைமானிகளுள் ஒருவகையின் வாய் 200 சதுர சென்டிமீட்டர் பரப்புடையது. ஒரு சிறு தட்டின் அளவே என்னலாம். அவ்வாயில் விழுந்த நீர் புனலின் வழியே உள்ளிருக்கும் கலத்தில் சேரும். நாள்தோறும் காலை 8.30 மணிக்கு அந்நீரை அளவுக் குவளையில் ஊற்றிப் பார்த்து எழுதுவர். 1 மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டர் நிலத்தில் ஒரு லிட்டர் நீர் விழுந்தது என்பது பொருள். ஓர் ஏக்கருக்குக் கணக்கிட்டால் அஃது ஏறத்தாழ 4,000 லிட்டர் ஆகும். மழைமானி சொல்லும் அளவில் ஊகம் இல்லை. விழுந்த நீர் கலத்தில் இருக்கிறது. ஐயமுற்றோர் மீண்டும் அளந்து பார்க்கலாம்.

ரேடாரின் வழி வேறு. அது மழைநீரைத் தொடுவதே இல்லை. சுழலும் பெருந்தட்டு ஒன்று மின்காந்த அலைகளைத் துடிப்புத் துடிப்பாக வானில் எறிகிறது. வழியிலுள்ள மழைத்துளிகளிற் பட்டு ஒரு சிறு பகுதி மீள்கிறது. மீண்டு வரப் பிடித்த நேரத்தால் மழையின் தொலைவையும், மீண்ட அலையின் வலிமையால் மழையின் மிகுதியையும் அறிகின்றனர். இரண்டாம் உலகப்போரில் பகைவர் வானூர்திகளைத் தேடியவர்க்கு இடையூறாக மழைமேகங்கள் திரையில் தோன்றின. அவ்விடையூறே போருக்குப் பின் ஒரு கலையாயிற்று. 1948-இல் கனடா நாட்டு அறிஞர்களாகிய மார்ஷல், பால்மர் என்போர் மழைத்துளிகளின் பருமன் எவ்வாறு பரவியிருக்கிறது என்பதை ஆராய்ந்து, மீளும் அலைக்கும் பெய்யும் மழைக்கும் உள்ள தொடர்பை ஒரு சூத்திரத்தால் காட்டினர்.

சிக்கல் அச்சூத்திரத்திலேயே இருக்கிறது. மீளும் அலையின் வலிமை துளியின் விட்டத்தை ஆறு முறை பெருக்கிய அளவில் வளர்கிறது. துளியிலுள்ள நீரோ விட்டத்தை மூன்று முறை பெருக்கிய அளவிலேயே வளர்கிறது. 3 மில்லிமீட்டர் விட்டமுடைய ஒரு துளியை 1 மில்லிமீட்டர் விட்டமுடைய துளியோடு ஒப்பிடுக. பெரிய துளியில் நீர் 27 மடங்கு. அது திருப்பியனுப்பும் அலையோ 729 மடங்கு. எனவே பெருந்துளிகள் சில விழும் கோடை இடிமழையும், சிறுதுளிகள் பல விழும் அடைமழையும் ஒரே அளவு நீரைத் தந்தாலும் ரேடாரின் கண்ணுக்கு வெவ்வேறாகத் தோன்றும். மூட்டையைத் தட்டிப் பார்த்து எடை சொல்லும் வணிகர் சந்தையில் உண்டு. அவருள் தேர்ந்தவர் சொல்வது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆயினும் பணத்தை எண்ணிக் கொடுக்கும்முன் மூட்டையைத் தராசில் ஏற்றுவதே வழக்கம்.

இனி, தொலைவினால் வரும் குறை ஒன்று உண்டு. கோவில்பட்டிப் பகுதிக்கு இஃது இன்றியமையாதது. ரேடாரின் அலை நேர்கோட்டை ஒட்டிச் செல்வது. நிலமோ உருண்டையாக வளைந்து தாழ்வது. ஆதலால் தொலைவு கூடக் கூட அலை நிலத்தைவிட்டு மேலே மேலே செல்லும். காரைக்காலில் உள்ள ரேடாருக்கும் கோவில்பட்டிக்கும் இடையே ஏறத்தாழ 290 கிலோமீட்டர். அடிவானத்திலிருந்து அரைப் பாகை உயர்த்தி அங்கிருந்து விடும் அலை கோவில்பட்டியின்மேல் வரும்போது 7 கிலோமீட்டர் உயரத்துக்கு மேல் செல்கிறது. அதற்குக் கீழே உருவாகிக் கீழேயே பொழியும் மழையை அது எங்ஙனம் காணும்? திருவனந்தபுரத்து ரேடார் ஏறத்தாழ 130 கிலோமீட்டரில் உள்ளது. ஆயின் இடையே மேற்குத் தொடர்ச்சி மலை நிற்கிறது. மலையைத் தாண்ட அலையை உயர்த்தினால் மலைக்கு இப்பாலுள்ள தாழ்ந்த மேகங்கள் விடுபடும். 2002-ஆம் ஆண்டில் சென்னையில் அமைந்த டாப்ளர் ரேடாரோ 500 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ளது. அதைப் பற்றிப் பேசிப் பயனில்லை. அலை செல்லச் செல்ல விரியவும் செய்யும். காரைக்காலினின்று வரும் அலை கோவில்பட்டியை அடைகையில் அதன் அகலம் 5 கிலோமீட்டர் அளவாகிவிடும். ஓர் ஊரில் மழையும் அடுத்த ஊரில் வெயிலுமாக இருப்பினும், இரண்டும் கலந்த ஒரே நிறமாகவே படத்தில் காணும்.

மேலே இருக்கும் மழை எல்லாம் கீழே வருவதும் இல்லை. கரிசற் காட்டில் வெயில் காய்ந்த நாளில் மேகத்தின் அடியிலிருந்து சாம்பல் நிறத் திரை தொங்குவதைக் காணலாம். அது மழையே, எனினும் நிலத்தைத் தொடுமுன் வறண்ட காற்று அதைக் குடித்துவிடுகிறது. மண்ணில் நிற்பவன் அண்ணாந்து பார்த்து ஏமாறுகிறான். ரேடாரும் அவ்வாறே ஏமாறும். இதற்கு மாறாக, ஏறத்தாழ 5 கிலோமீட்டர் உயரத்தில் பனித்துகள்கள் உருகும் அடுக்கில் அலை பட்டால், நீர்த்தோல் போர்த்த பனித்துகளைப் பெருந்துளி என்று ரேடார் கருதி மழையை மிகைப்படுத்திக் காட்டும். ஓரிடத்தில் குறைத்தும் ஓரிடத்தில் மிகுத்தும் காட்டும் சாட்சியை எவ்வளவுக்கு நம்புவது?

இவ்வளவும் கேட்டு, 'அப்படியானால் ரேடார் வீண்' என்று முடிவு கட்டுதல் பெரும் பிழை. அப்பிழையை 2023-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் காட்டிற்று. அத்திங்கள் 17-ஆம் நாள் தென்மாவட்டங்களில் தொடங்கிய மழை மறுநாளும் ஓயவில்லை. 18-ஆம் நாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டரும், திருச்செந்தூரில் 69 சென்டிமீட்டரும், ஸ்ரீவைகுண்டத்தில் 62 சென்டிமீட்டரும் மழை பதிவாயின. வறண்ட பூமி என்று பெயர்பெற்ற கோவில்பட்டியிலும் 50 சென்டிமீட்டர் அளவுக்குப் பெய்தது. ஓராண்டில் பெய்ய வேண்டியதில் மூன்றில் இரண்டு பங்கு ஒரே நாளில் கொட்டியது! தாமிரபரணி கரைபுரண்டது. கண்மாய்கள் உடைந்தன. ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் தொடர்வண்டி ஒன்று ஏறத்தாழ 800 பயணிகளுடன் நீர்சூழ நின்றுபோயிற்று. ஆடிப்பாடி வரவேற்க வேண்டிய மழையைக் கண்டு கரிசல் மக்கள் அஞ்சிய நாள் அது.

அந்நாளில் மழைமானி என்ன செய்தது? தன் கடமையை வழுவாமல் செய்தது. மறுநாட் காலையில் இத்தனை சென்டிமீட்டர் என்று சொல்லிற்று. அதற்குள் நீர் வீடுகளில் புகுந்துவிட்டது. நாளுக்கு ஒருமுறை அளக்கும் கலம் நடந்ததைக் கூறுமேயன்றி நடப்பதைக் கூறாது. கலத்தின் கொள்ளளவைக் கடந்து நீர் வழிந்தால் நடந்ததைக்கூட அது சரியாகக் கூற மாட்டாது. நள்ளிரவில் எழுந்து அளந்து கொட்டிவிட்டு மீண்டும் வைக்க ஒருவர் வேண்டும். பத்து நிமிடத்திற்கு ஒருமுறை வானை நோக்கும் ரேடார் அருகிலேயே இருக்குமாயின், கடலிலிருந்து மேகத்திரள் தொடர்ந்து ஒரே இடத்தின்மேல் வந்து நிற்பதைக் காட்டி, 'இன்னும் ஓயாது' என்று இரவிலேயே எச்சரிக்கும். ஓரூரில் ஒரு கிண்ணத்தளவு இடத்தை மட்டும் அறிந்த மழைமானிக்கு அப்பார்வை ஏது? முன்னறிவிப்பு போதுமா, போதாதா என்று வெள்ளத்துக்குப் பின் வாதங்கள் எழுந்தன. அவ்வாதங்களில் எவர் வென்றார் என்பதைக் காட்டிலும், தென்கோடிக்கு அருகில் தடையின்றி நோக்கும் ரேடார் ஒன்று வேண்டும் என்பதே பயனுடைய முடிவு. இராமநாதபுரத்திலும் ஏற்காட்டிலும் ரேடார் அமைக்கத் தமிழ்நாட்டு அரசு முன்வந்தது வரவேற்கத்தக்கதே. இராமநாதபுரத்துக் கருவி கோவில்பட்டிக்கு ஒரு நூறு கிலோமீட்டர்த் தொலைவினதாய், இடையே மலையும் இன்றி அமையும்.

மழைமானியின் குறை இவ்வளவோடு நிற்கவில்லை. காற்று மிகுந்த நாளில் கலத்தின் வாயைத் தாண்டித் துளிகள் பறந்துவிடும், அளவு குறையும். மரத்தடியில் வைத்தால் இலைகள் தடுக்கும்; சில வேளை இலையிலிருந்து சொட்டும் நீர் கூடுதலாகவும் சேரும். மழை கொட்டும்போது, அரை மில்லிமீட்டர் நிறைந்ததும் கவிழும் சிறு கிண்ணங்களையுடைய தானியங்கி மானி ஈடுகொடுக்க இயலாமல் குறைத்து எண்ணும். எல்லாவற்றுக்கும் மேலானது பரப்பின் குறை. சமவெளியில் 520 சதுர கிலோமீட்டருக்கு ஒரு மழைமானி என்பது இந்தியத் தர அமைப்பினர் வகுத்த அளவு. 200 சதுர சென்டிமீட்டர் வாயுடைய கலம் அத்துணைப் பரப்புக்குச் சாட்சி சொல்லுமாயின், தன் வாயைப்போல் 2,600 கோடி மடங்கு நிலத்துக்கு அது பேசுகிறது என்பது கணக்கு.

கரிசலில் இக்கணக்கு வெறுங்கணக்கு அன்று. இங்கே மழை பல வேளைகளில் ஊரூராகத் தாவிப் பெய்வது. கண்மாயின் இக்கரையில் ஓடை பெருகும். அக்கரையில் புழுதி பறக்கும். வட்டத் தலைநகரின் மழைமானியில் போதிய மழை பதிவாகி, பத்துக் கல் தொலைவிலுள்ள சிற்றூரில் உளுந்து வாடி நின்றால், ஏட்டின்படி அவ்வூரும் மழை பெற்ற ஊரே. மைய அரசு 2016-இல் வெளியிட்ட வறட்சி மேலாண்மைக் கையேட்டின்படி, வறட்சி என்று அறிவிப்பதற்கு முதலில் நோக்கப்படுவது மழைக்குறைவே. அறிவிப்பு இல்லையேல் நிவாரணம் இல்லை. இழப்பு உண்மை, சான்று இல்லை. அந்நிலையில் உழவன் யாரிடம் முறையிடுவான்?

இவ்விடத்தில்தான், 'ரேடார் எல்லா ஊரையும் பார்க்கிறதே. அதன் படத்தைக்கொண்டு ஊர்தோறும் மழை இவ்வளவு என்று முடிவு செய்யலாமே' என்று சிலர் கூறுவர். கேட்பதற்கு இனிய யோசனை. ஆயின் மேலே காட்டிய குறைகள் நீங்காதவரை அது தட்டிப் பார்த்து எடை சொல்லும் வேலையே ஆகும். வானத்தில் 2 கிலோமீட்டர் உயரத்தில் கண்ட மழையைக் காட்டி, 'உன் வயலில் பெய்துவிட்டது' என்று ஓர் ஏழையின் உரிமையை மறுத்தல் முறையன்று. எச்சரிக்கை விடுக்க ரேடார் போதும். அதில் சிறிது தவறினாலும் கேடில்லை. கணக்குத் தீர்க்க மண்ணில் வைத்த கலமே வேண்டும். மேலைநாடுகளிலும் ரேடாரின் அளவை மழைமானிகளின் அளவோடு ஒத்திட்டுத் திருத்திய பின்னரே பயன்கொள்கின்றனர். மழையின் பரவலையும் வடிவையும் ரேடார் தருகிறது. அளவை மழைமானி தருகிறது. திருத்துவதற்கு வேண்டிய மழைமானிகள் இல்லாத இடத்தில் ரேடார் எவ்வளவு விலையுயர்ந்ததாயினும் அதன் படம் சாயம் பூசிய ஊகமே.

இக்கருவிகள் இரண்டும் வருமுன்னரும் கரிசல் மக்கள் மழையை அளவாமல் இருந்ததில்லை. முற்றத்தில் கிடக்கும் உரலின் குழி நிறைந்ததா என்று பார்த்தனர். மண்ணைக் கிளறி ஈரம் இறங்கிய ஆழத்தைக் கண்டு 'ஓர் உழவு மழை', 'இரண்டு உழவு மழை' என்றனர். இவ்வளவை எள்ளி நகையாடுவார் அறியாதார். வெடித்துப் பிளந்து கிடக்கும் கரிசலில் பெய்த 20 மில்லிமீட்டரும், முன்னரே நனைந்த கரிசலில் பெய்த 20 மில்லிமீட்டரும் மழைமானிக்கு ஒன்றே, விதைக்கு ஒன்றல்ல. பயிருக்கு வேண்டிய செய்தி உழவு மழை என்னும் சொல்லில் இருக்கிறது. அதன் குறை, அது எழுத்தில் ஏறாமையே. பாட்டன் கண்ட உழவு மழை பேரனின் விண்ணப்பத்துக்குச் சான்றாகாது.

ஆகவே எழுத்தில் ஏறும் மழைமானி ஊருக்கு ஒன்று வேண்டும். மாநிலமெங்கும் 1,400 தானியங்கி மழைமானிகளை நிறுவத் தமிழ்நாட்டு அரசு மேற்கொண்ட திட்டம் நன்று. எனினும் தமிழ்நாட்டிலுள்ள ஊராட்சிகள் 12,000-க்கு மேற்பட்டவை. எல்லா ஊருக்கும் தானியங்கி வரும்வரை காத்திருத்தல் வேண்டா. ஊர்தோறும் பள்ளி இருக்கிறது; பள்ளியில் திறந்த வெளி இருக்கிறது; காலை 8.30 மணிக்கு அங்கே வரும் மாணவரும் உளர். கலமும் அளவுக் குவளையும் மிகுந்த விலையுடையன அல்ல. அருகிலுள்ள மரமோ சுவரோ எவ்வளவு உயரமோ, அதைப்போல் இரு மடங்கு தள்ளிக் கலத்தை வைத்தல் வேண்டும். வாய் நிலத்திலிருந்து 30 சென்டிமீட்டர் உயரத்தில் சாயாமல் நிற்றல் வேண்டும். ஆடுமாடு புகாமல் வேலி வேண்டும். விடுமுறை நாளில் அளப்பவர் யார் என்பதை முன்னரே வகுத்துக்கொள்ள வேண்டும். பல திட்டங்கள் அந்த ஞாயிற்றுக்கிழமையில்தான் அழிகின்றன.

ஏட்டில் எழுதும் முறையிலும் கருத்து வேண்டும். மழை பெய்த நாளில் எழுத எவரும் ஆர்வங்கொள்வர். பெய்யாத நாளில் வெற்றுக் கலத்தைத் திறந்து பார்த்து, '0.0' என்று எழுதுவார் அரியர். எழுதாது விட்ட கட்டமும் சுழி எழுதிய கட்டமும் ஒன்றல்ல. எழுதாத கட்டம் எவரும் பார்க்கவில்லை என்று சொல்லும். சுழி, பார்த்தும் இல்லை என்று சொல்லும். புரட்டாசியில் விதைத்துவிட்டு ஐப்பசி முழுதும் வானத்தை நோக்கியிருந்த ஊரின் வறட்சியை நிறுவப் போவன, வரிசையாக நிற்கும் அந்த முப்பது சுழிகளே.